ஊதுங்க சார் வண்டிக்கு மூச்சு பார்த்த கதை

மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், நீண்ட நடைக்கூடத்தின் கடைசிக் கதவுக்குப் பின்னாலிருந்து காலை எட்டரை மணி முதல் ஒரே குரல் கேட்டுக்கொண்டிருக்கும். "நல்லா இழுங்க... இப்ப ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும், இன்னும்... போதும்." நுரையீரல் சோதிக்கும் அறை அது. குரலுக்குரியவர் பத்தொன்பது ஆண்டுகளாக அங்கே உட்கார்ந்து, வருகிறவர்களைக் குழாயில் ஊதச் சொல்லிக்கொண்டிருக்கிறார். 'ஊதுங்க சார்' என்று கேட்டால் லிஃப்டில் இருப்பவர்கூட வழி காட்டுவார்.

காலையில் வந்ததும், மூன்று லிட்டர் காற்று கொள்ளும் ஒரு பெரிய சிரிஞ்சைக் கருவியில் பொருத்தி அழுத்துவார். கருவி மூன்று என்று சொன்ன பிறகுதான் முதல் நோயாளி உள்ளே வர முடியும். யார் வந்தாலும் மூக்கில் ஒரு கிளிப்பை மாட்டிவிடுவார். வாய் வழியே போக வேண்டிய காற்று மூக்கு வழியே நழுவினால் எண் பொய்யாகிவிடும். ஒவ்வொருவர் போனதும் வாய்க்குழாயிலிருக்கும் வடிகட்டியைக் கழற்றி, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுக் குப்பையில் போடுவார். குப்பைக்குப் போவதைப் பார்ப்பானேன் என்று யாரோ கேட்டதற்கு, "பார்க்காம எப்படிப் போடறது?" என்றாராம். அவரைப் புரிந்துகொள்ள அந்தப் பதில் போதும்.

இப்படிப்பட்டவர் ஒரு டர்போ கார் வாங்கினார். டர்போ என்றால் என்னவென்று மனைவி கேட்டபோது, "சாதாரண எஞ்சின் தானா மூச்சு இழுக்கும். இதுல ஒரு குட்டிக் காத்தாடி அதுக்கு மூச்சை ஊட்டி விடுது" என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரு பிரகாசம். மனைவி சட்டப் புத்தகங்கள் அச்சிடும் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவர். அவருக்குக் காத்தாடியில் அக்கறையில்லை. தினமும் நாற்பது கிலோமீட்டர் போய்வருவது அவர்தான். வண்டியும் வாரண்டியும் அவர் பெயரில்தான் இருந்தன.

ஒன்றே முக்கால் ஆண்டு கழித்து வண்டி இளைக்கத் தொடங்கியது.

மேம்பாலம் ஏறும்போது ஆக்சிலேட்டரை அழுத்தினால் மட்டும், பல்லிடுக்கில் காற்று இழுப்பது போல மெல்லிய 'ஸ்ஸ்' சத்தம். காலை எடுத்தால் நின்றுவிடும். ஊதுங்க சார் ஜன்னலை இறக்கிவிட்டு அதே மேம்பாலத்தில் நாலு தடவை ஏறி இறங்கினார்.

"உள்ள இழுக்கும்போதுதான் இளைக்குது" என்றார் வீட்டுக்கு வந்து. "வெளிய விடும்போது இல்ல. அப்ப கோளாறு மேல, தொண்டைப் பக்கம்."

"வண்டிக்குத் தொண்டை இருக்கா?"

"இருக்கே. ஏர் ஃபில்டர், அதுக்குப் பின்னால குழாய், குழாய் முடியற இடத்துல டர்போ."

"டர்போ போச்சுன்னா?"

"எஞ்சினுக்கு அடுத்து வண்டியில பெரிய செலவு அதுதான்."

"வாரண்டி இன்னும் பதினாலு மாசம் இருக்கு" என்றார் மனைவி. "போய்க் காட்டிட்டு வாங்க."

சர்வீஸ் சென்டரில் ஓர் இளம் பெண் அட்வைசர். கையில் டேப்லெட், காதில் பென்சில். கம்ப்யூட்டரைப் பொருத்திப் பார்த்தார். குறை எதுவும் காட்டவில்லை. வண்டியில் கூடவே உட்கார்ந்து ஒரு சுற்றும் வந்தார்.

"டர்போ வண்டின்னா கொஞ்சம் சத்தம் வரும் சார். நார்மல்தான்."

"எவ்வளவு நார்மல்?"

"அப்படின்னா?"

"நார்மலுக்கு ஒரு அளவு இருக்குமில்ல? எங்க ரூம்ல எண்பது சதவீதத்துக்கு மேல இருந்தா நார்மல். இங்க எத்தனை?"

அட்வைசர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மறுபடி காதிலேயே வைத்துக்கொண்டார். "சார், நார்மல்னா... எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்."

எல்லாருக்கும் அப்படித்தான் என்பது ஆறுதல், அளவல்ல. ஆறுதலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று ஊதுங்க சாருக்கு எப்போதுமே தெரிந்ததில்லை. நேராக மைத்துனன் கடைக்குப் போனார்.

மனைவியின் தம்பி கார் அலங்காரச் சாமான் கடை வைத்திருந்தான். எதைக் கேட்டாலும் "இருக்கு மாமா" என்பான். இல்லாததற்கும் அதையே சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய் போனில் தேடுவான். மாமா கதையைச் சொல்லி முடிப்பதற்குள் கண்ணாடி மேசைமேல் மூன்று பெட்டிகள் வந்து உட்கார்ந்தன.

"கம்பெனிக்காரன் வண்டியை மூச்சுத் திணற வெச்சுத்தான் விக்கறான் மாமா. இது திறந்த மாடல். கூம்பு ஃபில்டர், அலுமினியக் குழாய். மாட்டினா டர்போ விசிலடிக்கறது தெருமுனை வரைக்கும் கேக்கும். இது மூடின பெட்டி, எஞ்சின் சூடு ஏறாது. மூணாவது வெறும் ஃபில்டர் மட்டும், பழைய பெட்டிக்குள்ளயே உட்கார்ந்துக்கும். அது அப்பாவிகளுக்கு."

ஊதுங்க சார் சட்டைப் பையிலிருந்து, இரண்டு தாடையால் கவ்வி அளக்கும் காலிப்பரை எடுத்தார்.

"வந்தாச்சுடா இடுக்கி" என்றான் மைத்துனன். "எங்க அக்காவைக் கட்டிக்கும்போதுகூட இவ்வளவு அளந்து பார்க்கலையே மாமா."

"அன்னிக்கு இது கையில இல்ல மாப்ள."

அலுமினியக் குழாயின் உள்விட்டத்தை இரண்டு முறை அளந்தார். கம்பெனிக் குழாயைவிட எட்டு மில்லிமீட்டர் அகலம். அங்கேதான் வண்டிக்குள் போகும் காற்றை அளக்கும் சென்சார் உட்காருகிறது. சூடாக்கிய மெல்லிய கம்பி ஒன்று; காற்று பட்டு ஆறுவதை வைத்து எவ்வளவு காற்று போகிறதென்று கணக்கிடும். அவருடைய சோதனை அறையிலும் அதே கம்பிதான்.

"அகலம் ஜாஸ்தின்னா நல்லதுதானே மாமா? காத்து ஜாஸ்தி போகும்."

ஊதுங்க சார் குழாயைக் கீழே வைத்தார். ஆறு வருடங்களுக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை, வழக்கமான வாய்க்குழாய்கள் தீர்ந்து வேறு கம்பெனிச் சரக்கு வந்திருந்தது. கொஞ்சம்தான் அகலம். காலையில் சிரிஞ்சை நேரடியாகக் கருவியில் வைத்து அழுத்தினார். கருவி மூன்று என்றது. வாய்க்குழாயோடு சேர்த்து அழுத்திப் பார்க்கத் தோன்றவில்லை. அன்று இருபத்து மூன்று பேர் ஊதினார்கள், எல்லோருக்கும் எண் குறைந்தது. கடைசியாக ஊதியவர் தீயணைப்பு வீரர். அந்த எண்ணை வைத்து அவரை ஒரு வாரம் வேலைக்கு வராதே என்று நிறுத்திவைத்தார்கள். மறுவாரம் வந்து ஊதிவிட்டு, "இந்த ஒரு வாரமா மாடிப்படி ஏறவே பயந்துக்கிட்டிருந்தேன் சார்" என்று அவர் சிரித்தபோது, ஊதுங்க சாரால் கூடச் சிரிக்க முடியவில்லை.

"அகலக் குழாயில காத்து மெதுவாப் போகும்" என்றார் மைத்துனனிடம். "கம்பி கம்மியா ஆறும். எஞ்சின் காத்து கம்மின்னு நினைச்சுக்கும். அந்த நினைப்பை வெச்சுத்தான் பெட்ரோலே ஊத்தும்."

"நீங்க பஞ்சர் ஒட்ட வந்தாக்கூட உலகம் உருண்டையான்னு கேட்டுட்டுத்தான் ஒட்டுவீங்க."

இரண்டாவது பெட்டியில் சென்சார் உட்காருமிடம் கம்பெனி அளவிலேயே இருந்தது. ஃபில்டரில் எண்ணெய்ப் பூச்சும் கிடையாது. எண்ணெய் பறந்துபோய்க் கம்பியில் படியும் தொல்லையில்லை. கூடவந்த தாளில், கம்பெனிப் பெட்டி எஞ்சினின் உறிஞ்சலை இருபத்து நாலு சென்டிமீட்டர் உயரம் தண்ணீரை இழுத்து ஏற்றுகிற அளவுக்குத் தடுக்கிறதென்றும், தங்களுடையது பதினைந்துக்குக் குறைக்குமென்றும் போட்டிருந்தது. எண்ணைப் பார்த்ததும் அவர் மனம் இளகிவிட்டது.

"எடுத்துட்டுப் போங்க மாமா. பிடிக்கலன்னா திருப்பிக் கொடுங்க. அட்டைப்பெட்டியை மட்டும் கசக்கிடாதீங்க."

சாப்பாட்டு மேசையில் மனைவி வாரண்டிப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, நீலப் பென்சிலால் வரிவரியாகப் படித்தார். அச்சுப் பிழை இரண்டைத் திருத்திவிட்டுத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"வேற பாகம் மாட்டினா வாரண்டியே போச்சுன்னு போடல. அந்தப் பாகத்தாலயோ, வண்டிக்காரர் கைவெச்சதாலயோ வர்ற பழுதுக்குத்தான் பொறுப்பில்லன்னு போட்டிருக்கு."

"அப்ப மாட்டலாம்."

"இருங்க. நாளைக்கு டர்போ போகுது. இந்தப் பெட்டியாலதான் போச்சுன்னு அவங்க சொல்வாங்க, இல்லன்னு நீங்க சொல்வீங்க. உங்க கையில என்ன இருக்கும்?"

ஊதுங்க சார் பெட்டியோடு வந்த தாளை எடுத்து மடித்தார்.

"அது போகட்டும். உங்களுக்கு என்னதான் வேணும்? வண்டி வேகமாப் போகணுமா, இல்ல ஏன் இளைக்குதுன்னு தெரியணுமா?"

"ரெண்டும்."

"புதுசை மாட்டினதும் சத்தம் நின்னுடுதுன்னு வைங்க. ஏன் நின்னுதுன்னு எப்படித் தெரியும்?"

கேள்வி சாதாரணமாகத்தான் வந்தது. ஆனால் கேட்டவருக்குத் தெரியாமலே அது அவருடைய தொழிலின் முதல் விதியைத் தொட்டுவிட்டது. மருந்துக்கு முன் ஓர் அளவு, பின் ஓர் அளவு. முன்னளவு இல்லாத பின்னளவு வெறும் வதந்தி. பத்தொன்பது வருடமாகப் பயிற்சி மருத்துவர்களிடம் இதைச் சொல்லி அலுத்தவர், சொந்த வண்டிக்கு அளக்காமலே மருந்து வாங்கி வந்திருந்தார்.

ஆர்வத்தை நல்ல குணங்களில் ஒன்றாகச் சேர்ப்பதற்குமுன் சற்று யோசிக்க வேண்டியிருக்கிறது. தெரிந்துகொள்ளும் ஆசையும் தொட்டுப் பார்க்கும் ஆசையும் ஒரே முகத்தோடுதான் வருகின்றன. ஊதுங்க சாருக்கே அன்றுவரை அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்திருந்ததாகச் சொல்ல முடியாது.

ஞாயிறு காலை அவர் உள்ளிருப்பது வெளியே தெரியும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஹோஸை வாங்கி, நடுப்பகுதியை 'U' போல வளைத்து மரப்பலகையில் கட்டி, நடுவே ஸ்கேலை ஒட்டினார். சிவப்பு மை கலந்த தண்ணீரைப் பாதிவரை ஊற்றினார். எஞ்சினின் காற்றுக் குழாயில் ஃபில்டருக்குப் பின்னால் ரப்பர் மூடி போட்ட ஒரு சின்ன மூக்கு இருந்தது. மூடியைக் கழற்றி, ஹோஸின் ஒரு முனையை அங்கே செருகி, பானட் இடுக்கு வழியாக, ஜன்னல் வழியாகப் பலகையை உள்ளே கொண்டுவந்தார். எஞ்சின் எவ்வளவு கஷ்டப்பட்டு உறிஞ்சுகிறதோ, தண்ணீரின் ஒரு பக்கம் அவ்வளவு ஏறும்.

"இதை யார் பிடிச்சுக்கறது?"

அவர் மனைவியைப் பார்த்தார்.

"பார்க்கறவங்க ரத்தம் ஏத்திக்கிட்டே போறாங்கன்னு நினைப்பாங்க" என்றபடி மனைவி பலகையை மடியில் வைத்துக்கொண்டார். "பாலத்துல குலுக்காதீங்க. இது வெள்ளைச் சட்டை."

மேம்பாலத்தில் மூன்றாம் கியரில் ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தினார். 'ஸ்ஸ்' என்றது. தண்ணீர் ஏறியது.

"எத்தனை?"

"ஒன்பது."

"சரியாப் பாரு. இருபத்தொன்பதா?"

"எனக்கு ஒன்பதும் தெரியும், இருபத்தொன்பதும் தெரியும். ஒன்பது."

மூன்று தடவை ஓட்டினார். ஒன்பது, ஒன்பது, எட்டரை. காசு கொடுத்து வாங்கும் பெட்டியே பதினைந்துதானே தருகிறது? கம்பெனிப் பெட்டி ஒன்பதிலேயே நின்றால் வண்டிக்குத் திணறலே இல்லையே!

"நல்லதுதானே? நார்மலைவிட நல்லா இருக்கு" என்றார் மனைவி.

ஊதுங்க சார் வண்டியை ஓரங்கட்டினார். எண்பது வயதுக்காரர் இருபது வயதுக்காரரைப் போல ஊதினால், அவரைப் பாராட்டுவதற்கு முன் கருவியைச் சந்தேகப்பட வேண்டும். எங்கோ ஒழுகுகிறது. காற்று குழாய் வழியாக மட்டும் போகவில்லை.

"மூக்குக் கிளிப்!" என்று கத்திவிட்டார்.

"என்னங்க?"

"மூக்கு வழியா இழுக்குது! ஃபில்டர் வழியா வந்தா இவ்வளவு சுலபமா வராது. வேற எங்கயோ சந்து இருக்கு!"

பானட்டைத் திறந்து, ஃபில்டர் பெட்டி மூடியின் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினார். பின்மூலையில், கண்ணுக்குப் படாத இடத்தில், விரல் நுனி உள்ளே போயிற்று. அங்கிருந்த ஸ்க்ரூ திருப்பத் திருப்பச் சுற்றிக்கொண்டே இருந்தது. பிளாஸ்டிக்கில் மரை தேய்ந்துபோய், பிடிமானமே இல்லை. மூடியைக் கழற்றினார். ஃபில்டரைத் தாண்டிய சுத்தமான பக்கத்தில், சந்திலிருந்து டர்போ இருக்கும் திசைநோக்கி ஒரு சாம்பல் நிறத் தூசிக் கோடு, நாக்கு நீட்டியது போலக் கிடந்தது.

"சர்வீஸ்ல சரியா முடுக்காம விட்டிருக்காங்க" என்றார் மனைவி.

ஊதுங்க சார் ஸ்க்ரூவைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "சர்வீஸ்ல ரெண்டு தடவைதான் திறந்திருக்காங்க."

"மத்தபடி யார் திறந்தது?"

அவரேதான். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, மனைவி வீட்டுக்குள் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், அவர் மூடியைத் திறந்து ஃபில்டரை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பார். ஒன்றே முக்கால் ஆண்டு. நாற்பது தடவைக்குமேல். பிளாஸ்டிக் மரை அத்தனைக்கும் செய்யப்பட்டதல்ல.

மனைவி கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார். அவர் பலகையைப் பத்திரமாகக் கீழே வைத்துவிட்டு, "நல்லா இருந்தவனை நாடி பார்த்துப் பார்த்தே படுக்க வெச்சுட்டீங்க" என்றார். பிறகு தூசிக் கோட்டைப் பார்த்தார். குரல் மாறியது. "டர்போ இதைத் தின்னிருக்குமா?"

"தெரியல."

போனில் விஷயத்தைக் கேட்ட மைத்துனன் உற்சாகமாகிவிட்டான். "இதுக்கெதுக்கு மாமா முகத்தைத் தூக்கி வெச்சுக்கறீங்க? என் பெட்டியை மாட்டுங்க, சத்தம் போயிடும். கம்பெனிப் பெட்டிக்குப் புது மூடி ஒண்ணு வாங்கிப் போட்டுப் பரண்ல வைங்க. டர்போ மக்கர் பண்ணா அதை மாட்டிட்டுப் போய் நில்லுங்க. எவனுக்குத் தெரியும்?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அக்காவும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்டா" என்றார்.

"நீ எப்பக்கா வந்த?"

மனைவி கணவரைப் பார்த்தார். "உங்க ரூம்ல ஒருத்தர் கிளிப்பைக் கழட்டிட்டு ஊதினா என்ன பண்ணுவீங்க?"

"மறுபடி ஊதச் சொல்வேன்." சற்று யோசித்துவிட்டு, "அந்தத் தீயணைப்புக்காரர் விஷயத்துல குழாய் மாறிப்போச்சுன்னு நானேதான் எழுதிக் கொடுத்தேன்" என்றார்.

திங்கட்கிழமை அரைநாள் விடுப்பு போட்டுவிட்டு இருவரும் சர்வீஸ் சென்டருக்குப் போனார்கள். அட்வைசர் இவரைக் கண்டதும் டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நார்மலின் அளவைக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பார். ஊதுங்க சார் தேய்ந்த ஸ்க்ரூவை மேசைமேல் வைத்து, நாற்பது ஞாயிறுகளையும் சொன்னார்.

"இதை நீங்க சொல்லலன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது சார்."

"அன்னிக்கு நீங்க பானட்டைத் திறந்திருந்தாலும் தெரிஞ்சிருக்கும்மா" என்றார் மனைவி.

அட்வைசர் சிரிக்காமலிருக்க முயன்று தோற்றார். "இதை ரெக்கார்டுல ஏத்தினா, வண்டிக்காரர் திறந்ததால மூடி தளர்ந்ததுன்னுதான் வரும். பின்னாடி டர்போவுக்கு ஏதாவது ஆச்சுன்னா முதல்ல இந்த வரியைத்தான் பார்ப்பாங்க. எழுதட்டுமா?"

வண்டி மனைவி பெயரில். ஊதுங்க சார் அவரைப் பார்த்தார்.

"எழுதுங்க" என்றார் மனைவி. "ஆனா ஒரு வரியோட நிறுத்தாதீங்க. இன்னிக்கு டர்போ எப்படி இருக்குன்னு பார்த்து அதையும் எழுதுங்க."

மெக்கானிக் குழாயைக் கழற்றி, பென்சில் தடிமனுள்ள ஒரு கேமராவை உள்ளே விட்டார். ஊதுங்க சார் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சார், என் கழுத்துல மூச்சு விடாதீங்க" என்று இரண்டு தடவை சொல்லியும் நகரவில்லை. திரையில் அந்தக் குட்டிக் காத்தாடி தெரிந்தது. இவ்வளவு நாள் பேசிய பொருளை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். வளைந்த உலோக இறக்கைகள், பூ இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்தது போல. அடிப்பாகத்தில் லேசாகத் தூசி.

"ஓரம் எப்படி?"

மெக்கானிக் ஒவ்வோர் இறக்கையாகத் திருப்பினார். "தேய்மானம் இல்ல. சந்து விட்டு ரொம்ப நாள் ஆகல போல." அச்சை விரலால் அசைத்துப் பார்த்தார். "ஆட்டமும் இல்ல."

ஊதுங்க சார் அப்போதுதான் மூச்சை வெளியே விட்டார். எத்தனை விநாடி பிடித்து வைத்திருந்தார் என்பதை மட்டும் அளக்க மறந்துவிட்டார்.

அட்வைசர் இரண்டு வரியையும் எழுதினார். மூடி வண்டிக்காரர் திறந்ததால் தளர்ந்தது. டர்போ இறக்கைகள் இன்று சோதிக்கப்பட்டன, சேதமில்லை. மனைவி நீலப் பென்சிலோடு படித்து, ஒரு தேதியைத் திருத்தச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒன்று பாதகமான வரி, மற்றது சாதகமானது. பதினாலு மாதத்தில் எது ஜெயிக்குமென்று யாரும் சொல்ல முடியாது. இரண்டும் உண்மை என்பது மட்டும்தான் அன்றைக்குக் கையிலிருந்தது.

புது மூடி போட்ட பிறகு மேம்பாலத்தில் அளந்தார்கள். இருபத்தொன்று. இளைப்பு இல்லை.

"அப்ப தம்பி பெட்டி போட்டா பதினைஞ்சு. ஆறு சென்டிமீட்டர் மிச்சம்" என்றார் மனைவி. "டர்போ அழுத்தறது எத்தனை?"

"ஆயிரம் சொச்சம்."

"ஆயிரத்துல ஆறா?"

"அந்தப் பதினைஞ்சும் தாள்ல போட்டதுதான். நான் பார்க்கல."

ஆகவே கசங்காத அட்டைப்பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில் அவர் சும்மா வரவில்லை. கடையின் வேக்குவம் கிளீனரை வாங்கி, அந்தப் பெட்டியின் குழாய் வாயில் துணி சுற்றிப் பொருத்தி, தன் பலகையையும் இணைத்து, ஒரு மணி நேரம் தண்ணீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்த இரண்டு வாடிக்கையாளர்களும் வந்த வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றார்கள்.

"மாமா, வாங்கப் போறீங்களா இல்லையா?"

"வாரண்டி முடியட்டும் மாப்ள. பதினாலு மாசம் கழிச்சு வரேன். அதுவரைக்கும் அளவு மட்டும் எடுத்து வெச்சுக்கறேன்."

அடுத்த ஞாயிறு அவர் பானட்டைத் தூக்கியபோது, ஃபில்டர் பெட்டி மூடிக்கும் உடலுக்கும் குறுக்கே ஒரு வெள்ளைக் காகிதப் பட்டை ஒட்டியிருந்தது. அதன்மேல் நீலப் பென்சிலில் மனைவியின் கையெழுத்து, தேதியோடு. கிழிக்காமல் திறக்க முடியாது.

உள்ளே ஃபில்டர் எந்த நிறத்தில் இருக்குமென்று யோசித்தபடி நின்றார். பட்டையின் ஓரத்தை நகத்தால் தொட்டுப் பார்த்தார். பசை நன்றாகப் பிடித்திருந்தது.

"என்ன பண்றீங்க அங்க?" என்று வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பசை எப்படி இருக்குன்னு பார்க்கறேன்."

"பார்த்தாச்சா?"

"ஆச்சு" என்று பானட்டை இறக்கினார்.

அடுத்த வாரமும் பசையைத்தான் பார்த்தார்.